மூன்று காகிதங்கள்

வீடு வாங்கிப் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டு ரிஜிஸ்திரார் ஆபீஸ் படியிறங்கி வருகிறவரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துப் பந்தலைப் பிரிக்கும் தகப்பனாரின் முகம் அது. கடன் இருக்கும், கவலை தீர்ந்திருக்கும்.

என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் இறங்கி வந்தார். பதிவான கிரயப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்க சர்டிபிகேட், விற்ற சகோதரர் இருவர் பெயரிலும் இருந்த பட்டா, ஆக மூன்று காகிதங்கள் அவர் கையில் இருந்தன. "இனிமேல் பிரம்மதேவனே வந்தாலும் அசைக்க முடியாது!" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து வந்தவர் பிரம்மதேவன் அல்ல. நடுத்தர வயது அம்மாள் ஒருவர். வீட்டை விற்றவர்களுடன் கூடப் பிறந்தவர்.

அந்தக் கதையை முடிக்குமுன், மூன்று காகிதங்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். ஏனென்றால், என் நண்பர் அவற்றின்மீது வைத்த நம்பிக்கையைத்தான் நம்மில் முக்காலே மூன்று வீசம் பேர் வைத்திருக்கிறோம்.

முதலில் பட்டா. சென்னைத் தீவுத்திடல் அருகே, அங்கவடி இல்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கிறாரே தாமஸ் மன்றோ, அவர் பெயரோடு சேர்ந்தது ரயத்துவாரி முறை. நடுவில் ஜமீன்தார் இல்லாமல் சர்க்காரே குடியானவரிடம் நேராக நிலவரி வாங்கும் ஏற்பாடு அது. 1820 முதல் 1827 வரை அவர் கவர்னராக இருந்த காலத்தில் சென்னை ராஜதானியில் வேரூன்றியது. இந்த நிலத்துக்கு இன்னார் இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதற்கான சீட்டுதான் பட்டா. 'யாரிடம் வரி கேட்பது?' என்ற சர்க்காரின் கேள்விக்கு அது விடை. 'யாருக்குச் சொந்தம்?' என்ற நம்முடைய கேள்விக்கு அது விடையாகாது என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லிவிட்டன. நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது பத்திரப் பதிவு. 1864-ல் இந்தியா முழுமைக்கும் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு நிலங்களின் கிரயம் பதிவாக வேண்டும் என்றது. இன்றுள்ள பதிவுச் சட்டம் 1908-ல் பிறந்தது. கள்ளப் பத்திரமும் இரகசிய விற்பனையும் மலியாமல் தடுப்பதே இவற்றின் நோக்கம். எழுதிக் கொடுத்தவர் இன்னார்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று பதிவாளர் கேட்பார். விற்கிற வீடு அவருடையதுதானா என்பதை ஆராய 1908-ம் வருஷத்துச் சட்டம் பதிவாளருக்கு அதிகாரம் தரவில்லை என்று, தமிழ்நாட்டு விதி ஒன்றைத் தள்ளிய தீர்ப்பில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிற்று.

வேறு விதமாகவும் செய்யலாம். தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் சுங்க அதிகாரியாக இருந்தவர். கப்பலின் சொந்தக்காரர் யார் என்பதை ஒரே பதிவேடு சொல்லிவிடுவதைக் கண்டு, நிலத்துக்கும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்டார். 1858-ல் அது சட்டமாயிற்று. அங்கே புத்தகத்தில் பெயர் ஏறினால் உரிமைக்குச் சர்க்காரே ஜவாப்தாரி. நம் நாட்டில் பதிவாவது பத்திரம். அங்கே பதிவாவது உரிமை. வித்தியாசம் சிறியதுபோல் தோன்றும். ஒரு வீட்டையே விழுங்கிவிடும்.

மூன்றாவது காகிதமான வில்லங்க சர்டிபிகேட், அந்தப் பதிவுப் புத்தகத்தின் நிழல். பதிவானது தெரியும், பதிவாகாதது தெரியாது. உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரிசுரிமையோ, தகப்பனார் கண்ணை மூடிய க்ஷணத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பத்திரமும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை. ஆகவே வில்லங்கத்தில் ஒரு வரியும் இல்லை.

இப்போது அந்த அம்மாளிடம் வருவோம். அவருடைய தகப்பனார் தம் சம்பளத்தில் வாங்கிய வீடு அது. மனைவிக்குப் பின், உயில் எழுதாமலே காலமானார். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தகைய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சகோதரர்கள் இருவரும் விற்க முடிந்தது மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சம் ஒரு பங்கு, ஒரு வார்த்தை கேட்கப்படாத அந்த மகளிடமே இருந்தது. வாரிசு சர்டிபிகேட்டை என் நண்பர் கேட்கவில்லை. பட்டாதான் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்.

அம்மாள் நியாயமானவர். தம் பங்குக்கு உரிய பணத்தைப் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். நண்பர் மனைவியின் வளையல்கள் போயின. வீட்டை விற்ற சகோதரர்களிடமிருந்து அந்தப் பணம் இன்னும் வந்தபாடில்லை.

சோழர், பாண்டியர் காலத்து நில விற்பனைகளைக் கோயில் சுவர்களில் படித்திருக்கிறேன். நான்கு எல்லைகளையும் விவரமாகச் சொல்லிவிட்டு, முடிவில் சாட்சிகள் ஒவ்வொருவராக 'இப்படி அறிவேன்' என்று கையெழுத்திடுவார்கள். அறிந்தவர்கள் எழுதிய சாட்சி அது.

சென்ற மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது எதிர் வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவள்.

"அந்த வீட்டில் ஒரு பெண் உண்டு என்று உங்களுக்குத் தெரியுமா, பாட்டி?" என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன? அவள் கல்யாணத்துக்கு நான்தானே கோலம் போட்டேன்! இவர் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!" என்றாள்.