உபாகமத்தின் சாபங்கள்

கடவுளுக்குக் கீழ்ப்படியாவிட்டால் என்ன நேரும் என்பதை வேதாகமத்தில் மிக விரிவாகச் சொல்லும் பகுதிகளில் ஒன்று உபாகமத்தின் 28ஆம் அதிகாரம். அதன் 68 வசனங்களில் ஆசீர்வாதத்துக்கு 14 மட்டுமே, மற்றவை சாபங்கள். பஞ்சம், கொள்ளைநோய், முற்றுகை என வளர்ந்து, அடிமையாக விலைக்கு வாங்கக்கூட ஆளில்லாத நிலையில் அவை முடிகின்றன. வானம் வெண்கலமாகும், நிலம் இரும்பாகும் என்பது அவற்றுள் ஒன்று.

கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசரத்தோன் சிற்றரசர்களிடம் வாங்கிய விசுவாச உடன்படிக்கையிலும் இதே உருவகம் உண்டு. அதன் களிமண் பலகைகள் 1955இல் ஈராக்கின் நிம்ரூதில் கிடைத்தன. பேரரசர்களின் உடன்படிக்கை வடிவத்தையே இஸ்ரவேலர் கடவுளுடனான உறவுக்குக் கையாண்டனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். உபாகமம் அடங்கிய மோசேயின் சட்டத்தில் எழுதப்பட்ட சாபமே இஸ்ரவேலர்மேல் விழுந்ததாகத் தானியேல் நூலின் மன்றாட்டு ஒப்புக்கொள்கிறது.