வாட் கூடினால் வேகம் கூடுமா?

நண்பரின் 65 வாட் மின்னேற்றியை இரவல் வாங்கி, உங்கள் பழைய செல்பேசியில் மாட்டுகிறீர்கள். மின்கலமோ முன்போலவே மெல்ல நிரம்புகிறது. ஏன்? இதை அறியச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

1996-இல் யூ.எஸ்.பி. இணைப்பு வெளிவந்தது. கணினியோடு விசைப்பலகை போன்ற கருவிகளை இணைக்க உருவானது அது. 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட், அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. செல்பேசிகளும் அதே வழியில் மின்னேற்றம் பெறத் தொடங்கியதும் அது போதவில்லை. 2010-இல் வந்த விதிமுறை 1.5 ஆம்பியர், அதாவது 7.5 வாட் வரை அனுமதித்தது.

மின்னோட்டத்தை மேலும் கூட்டினால் கம்பி சூடாகும். எனவே அழுத்தத்தை உயர்த்த முனைந்தனர். ஆனால் 5 வோல்ட் கருவிக்கு 20 வோல்ட்டைச் செலுத்தினால் அது பழுதாகிவிடுமே! ஆகவே 2012-இல் வந்த 'பவர் டெலிவரி' விதிமுறை ஓர் உரையாடலைப் புகுத்தியது. மின்னேற்றி தன்னால் இயன்றதைத் தெரிவிக்கும். கருவி தனக்கு வேண்டியதைக் கேட்கும். உடன்பாடு இல்லையேல் 5 வோல்ட்தான். இம்முறையில் 100 வாட்டும், 2021-இல் வந்த திருத்தத்தால் 240 வாட்டும் இயன்றன.

ஆகவே, மின்னேற்றியில் பொறித்த வாட் அது தரக்கூடிய உச்ச அளவே. எவ்வளவு கொள்வது என்பதைச் செல்பேசியே முடிவு செய்கிறது. காரணம் உண்டு: லித்தியம் அயனி மின்கலத்தில் வேகம் எல்லை மீறினால், லித்தியம் கிராஃபைட் மின்வாயின்மேல் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுக்கும். கலம் நிரம்பும் தறுவாயில் மின்னோட்டமும் குறைக்கப்படுகிறது.

இனி மின்னேற்றி வாங்கும்போது, உங்கள் செல்பேசி எத்தனை வாட் ஏற்கும், எந்த விதிமுறைக்கு உட்பட்டது என்று முதலில் பாருங்கள். வீண் செலவு மிஞ்சாது.