மகளிர் குழு வந்த வழி



விதை, உரம் பற்றிப் பேசுகிற நான் இன்னைக்குக் கடனைப் பற்றிச் சொல்லப் போறேன். கையில காசு இல்லேன்னா பருவம் தப்பிப் போகுது. அப்போ கடனும் ஒரு இடுபொருள்தானே?

முன்னாளில் பாங்கிக்குப் போனால் பட்டா எங்கே, ஜாமீன் எங்கே என்பார்கள். பட்டாவோ பெரும்பாலும் ஆண்கள் பேரில். பெண்களுக்குத் தோட்டை அடகு வைக்கணும், இல்லேன்னா கந்துவட்டிக்காரர் வாசலில் நிக்கணும்.

நிலமே இல்லாதவங்களை நம்பிக் கடன் கொடுக்க முடியுமா? 1976-இல் வங்காளதேசத்தில் யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதைச் சோதித்தார். ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குத் தம் கைப்பணம் 27 டாலரைக் கடனாகக் கொடுத்தார். பணம் திரும்பி வந்தது. அதிலிருந்து வளர்ந்து 1983-இல் வந்ததுதான் கிராமீன் வங்கி.

நம்ம பக்கம் வழி கொஞ்சம் வேறே. அங்கே கடன் முதலில். இங்கே சேமிப்பு முதலில். 1980-களில் கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் நடத்திய பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைந்தன. ஆனால் ஒருவரையொருவர் நம்பிய உறுப்பினர்கள் சிறு சிறு குழுவாகக் கூடினார்கள். தாங்களே சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டார்கள். 1987-இல் நபார்டு வங்கி இந்த முயற்சிக்குப் பண உதவி செய்தது.

1989-இல் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. முதலில் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரியும் அப்போ அதிலேதான் இருந்தது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு மகளிர் குழுக்களை அமைத்தது. 1992-இல் நபார்டு 500 குழுக்களை பாங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்து, படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

இதிலே சூட்சுமம் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்க. 20 பேர் மாசம் 50 ரூபாய் போட்டால் 1,000 ரூபாய். ஆறு மாசத்தில் 6,000. அதை உறுப்பினருக்கே நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்குக் கொடுத்தால், அந்த வட்டியும் குழுப் பெட்டிக்கே திரும்பும். வெளியாளுக்குப் போகாது. ஒழுங்காகக் கூட்டம் போட்டு எழுதிய தீர்மானப் புத்தகமும் கணக்குப் புத்தகமும்தான் பாங்கிக்குக் காட்டுகிற பட்டா.

பேர் மட்டும் குழுன்னு இருந்தால் போதாது. ஆந்திராவில் 2010-இல் என்ன ஆச்சு? நுண்கடன் கம்பெனிகள் பல, ஒரே பெண்ணுக்குக் கடன்மேல் கடன் கொடுத்தன. ஒருத்தி கட்டலைன்னா மத்தவங்களை விட்டே நெருக்கினார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. அந்த அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட்டது. அந்தக் குழுக்கள் வசூலுக்காகச் சேர்த்தவை. சேமிப்புக்காகச் சேர்ந்தவை அல்ல.

ஆகவே தாய்மார்களே, யாராவது வந்து, "பத்துப் பேர் சேருங்க, நாளைக்கே பணம்" என்றால் மூணு கேள்வி கேளுங்க. எங்க சேமிப்பு எங்கே? கணக்குப் புத்தகம் யார் கையில்? வட்டி யாருக்குப் போகுது? மூணுக்கும் "குழுவுக்கே" என்று பதில் வந்தால்தான் அது உங்க குழு. இல்லேன்னா கையெழுத்துப் போடுமுன் வீட்டில் கலந்து பேசுங்க.