சிவப்புப் பாயின் சரித்திரம்

பாய்மரப் படகோட்டம் பெரும்பாலும் வசதி படைத்தோரின் விநோதமாகவே இருந்துவந்த இங்கிலாந்தில், சாமானியக் குடும்பத்தாரும் தம் கைகளாலேயே ஒரு படகைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கலாம் என்னும் தைரியத்தை ஊட்டியது, 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவில் 1963-ஆம் ஆண்டு லண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமான 'மிரர்' என்னும் சிறு படகேயாகும்.

படகு வடிவமைப்பில் தேர்ந்த ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டுவேலைகளைக் கற்பித்துப் பிரசித்தி பெற்ற பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கிய முறைப்படி, ஒட்டுப்பலகைத் துண்டுகளின் விளிம்புகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினில் தோய்த்து ஒட்டினால், 3.3 மீட்டர் நீளமுள்ள உடல் உருப்பெற்றுவிடும். குட்டையான பாய்மரத்தை நிறுத்தி, சிவப்புப் பாயைத் தாங்கும் பருமலை அதன்மேல் ஏறக்குறைய செங்குத்தாகக் கயிற்றால் ஏற்ற வேண்டும். கழற்றினால் இரண்டும் படகுக்குள்ளேயே அடங்கிவிடுமாதலால், அதைக் காரின் கூரைமேல் ஏற்றிச் செல்வதும் சுலபமாயிற்று.

இவ்வாறு 70,000-க்கும் மேற்பட்ட படகுகள் உருவாயின. பழைய மிரரை வாங்குவோர் மிதவை அறைகளைத் திறந்து, மழைநீர் தேங்கிய மூலைகளில் பலகை இற்றிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். இற்ற பகுதியை வெட்டியெறிந்து புதுத்துண்டு பொருத்துவதும், அதை முதலில் கட்டியவர் கையாண்ட அதே எளிய வித்தையினாலேயே கைகூடுகிறது என்பதுதான் இப்படகின் நீண்ட ஆயுளுக்கு மூலகாரணம்.