அச்சத்தின் இரசாயனமும் வாவிக்கரை மாந்தரும்

துயரம் உடலை உருக்கும் என்பதை நம் மக்கள் பட்டறிவால் அறிவர். அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விஞ்ஞானமும் ஆராயப் புகுந்தது. அவ்வாராய்ச்சியின் சிறந்ததோர் அத்தியாயம் பெங்களூரில் எழுதப்பட்டது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நாம் அதனை அறிந்திருத்தல் அவசியம்.

1936இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செலி என்பார் எலிகளுக்குச் சூலகச் சாற்றை ஊசிவழி ஏற்றினார். சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பி பருத்தது. இரைப்பையிற் புண் தோன்றியது. புதிய ஓமோன் ஒன்று கிட்டியதென மகிழ்ந்தவர், போமலினை ஏற்றினாலும், குளிரில் விட்டாலும் அதே விளைவு தோன்றக் கண்டு திகைத்தார். துன்பம் எதுவாயினும் உடல் தரும் மறுமொழி ஒன்றே என்னும் கொள்கை அத்திகைப்பிற் பிறந்தது. (இதே செலி பின்னாளில் புகையிலைக் கம்பனிகளின் பணத்தையும் பெற்றார். நோய்க்குக் காரணம் புகையன்று, மனநெருக்கடியே என்ற வாதம் முதலாளிகளுக்கு இனிக்காமற் போகுமா?)

அதிரீனல் சுரக்கும் ஓமோன் மூளையினுட் புகுந்து, நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகம்பஸ் என்னும் பகுதியிற் சென்று பற்றிக்கொள்வதை 1968இல் நியூயோர்க்கில் புரூஸ் மக்கியூவன் குழுவினர் காட்டினர். நெடுநாள் நெருக்கடி அப்பகுதியின் நரம்புக் கலங்களைக் குறுகச் செய்யும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

பெங்களூர்த் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி எழுப்பிய வினா வேறு. நினைவின் பகுதி வாடும்போது, அச்சத்தின் பகுதியாகிய அமிக்டலா என்னாகின்றது? நாள்தோறும் இரண்டு மணி நேரமாகப் பத்து நாள் எலிகள் அசையவொட்டாது அடைக்கப்பட்டன. ஹிப்போகம்பஸில் நரம்புக் கிளைகள் குறுகின. அமிக்டலாவிலோ அவை தழைத்து வளர்ந்தன! 2002இல் இம்முடிவு வெளியாயிற்று. 2004இல் வந்தது இன்னும் கொடிது. அடைப்பு நீங்கி 21 நாள் ஓய்ந்திருந்த எலிகளில் நினைவுப் பகுதி மீண்டது. அச்சப் பகுதி மீளவில்லை, பதற்றமும் தணியவில்லை.

எலி மனிதனன்று, மனிதனுக்கு மொழியும் உறவும் வரலாறும் உள. எனினும் இம்முடிவைப் படித்த எவரும் கிழக்கின் ஆண்டுகளை எண்ணாதிருக்க இயலாது. 1978இன் சூறாவளி, 1987இல் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையிற் சிந்திய இரத்தம், 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலேயே மாண்டவர்கள், அதே ஆண்டு வந்தாறுமூலை அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்கள், 2004இன் ஆழிப்பேரலை. 2009இல் போர் முடிந்தது, இனி மறந்துவிடுங்கள் என்று மேடைகளில் உபதேசிப்போர் உடலியலின் அரிச்சுவடியையும் அறியாதவர்கள்.

ஓமோனே பகைவன் என முடிவுகட்டுவதும் பிழை. நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பி, பின்னரும் அந்நினைவால் நோயுற்றோரிடம் அந்த ஓமோனாகிய கோட்டிசோல் மிகுந்திராமற் குறைந்தே இருந்ததென அமெரிக்காவில் ரேச்சல் யெகூடா 1995இற் கண்டார். சட்டர்ஜி குழுவினரும் 2012இல், எலிகளுக்குரிய நெருக்கடி ஓமோனை முன்கூட்டியே கொடுத்தபோது, ஒரு முறை நேர்ந்த கொடுமையின் பின்விளைவுகள் தடுக்கப்பட்டதைக் காட்டினர். உடலைக் காக்க எழுவதும் அதனை வருத்துவதும் ஒரே பொருள்தான். அளவும் காலமுமே வேறு.

ஆகவே மாத்திரை ஒன்றே மருந்தாகாது. போரின் காயம் தனியாளுக்கு மட்டும் உரியதன்று, சமூகம் முழுமைக்கும் உரியது என யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பலகாலம் வற்புறுத்தி வந்துள்ளார். ஆய்வுகூடத்திற் கூண்டு திறந்த நாளிலிருந்து ஓய்வின் 21 நாள்கள் எண்ணப்பட்டன. காணாமற் போன மகனின் தாய்க்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? அவளுக்குக் கூண்டு இன்னும் திறக்கப்படவில்லையே.

பொலிசாரும் நீதிமன்றமும் விடை தராத காலத்தில் அத்தாய்மார் அம்மன் கோயில்களை நாடினர். போர்க்காலத்து மட்டக்களப்பில் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பகுத்தறிவு பேசுவோர் சிலர் இதனை மூடநம்பிக்கை என எள்ளி நகையாடலாம். ஆனால் வாயைத் திறந்தால் உயிருக்கு ஆபத்து என்றிருந்த ஆண்டுகளில், என் பிள்ளை எங்கே என்று ஒரு தாய் பலர் முன்னிலையில் உரக்கக் கேட்கவும், கூடிநின்ற அயலார் அவளோடு சேர்ந்து அழவும் இடமாயிருந்தது தெய்வமேறி வாக்குச் சொல்லும் அந்த முற்றமே.