சாட்சியமின்றிச் சிறையில்லை: பூந்தமல்லி மதில்களும் ஃபிக்ஹின் நெறியும்

சென்னையின் மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்த பூந்தமல்லி பழம்பெரும் ஊர். வைணவப் பெரியார் திருக்கச்சி நம்பிகள் தோன்றிய தலம் அது. கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சிக்காலத்துப் பள்ளிவாசல் ஒன்றும் அங்கே உண்டு. ஆயினும் முப்பது ஆண்டுகளாக நாளிதழ்களில் அவ்வூரின் பெயர் வேறொரு காரணத்திற்காகவே பெரிதும் இடம்பெற்று வருகின்றது. உயர்ந்த மதில்களும் ஆயுதக் காவலும் சூழ்ந்த தனி நீதிமன்றம் ஒன்று அங்கே இருக்கின்றது. தடா வழக்கும் பொடா வழக்குகளும் அங்கே விசாரிக்கப்பட்டன. பின்னர் தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகளும் அங்கே சென்றன. அதே ஊரில் இலங்கைத் தமிழர்களுக்கான ‘சிறப்பு முகாம்’ ஒன்றும் பல ஆண்டுகள் இயங்கியது. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டத்தின் கீழ், நீதிமன்றத் தண்டனை ஏதுமின்றி, அரசாணை ஒன்றாலேயே மனிதர்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தனர்.

ஒரு மனிதனின் விடுதலையைப் பறிப்பதற்கு அரசிடம் என்ன இருக்க வேண்டும்? நிறுவப்பட்ட குற்றமா, அல்லது அதிகாரி ஒருவரின் ஐயமே போதுமா? இருநூறு ஆண்டுக்கால இந்தியச் சட்ட வரலாறு இக்கேள்விக்குத் தந்த விடையையும், நம் ஃபிக்ஹ் மரபு தந்த விடையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பெனி விதைத்தது

குற்றம் நிறுவாமல் சிறைவைக்கும் வழக்கத்தை இந்நாட்டில் சட்டமாக எழுதி வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. வங்காளத்தின் 1818ஆம் ஆண்டு மூன்றாம் ஒழுங்குவிதியும், அதைப் பின்பற்றி நம் சென்னை மாகாணத்தில் வந்த 1819ஆம் ஆண்டு இரண்டாம் ஒழுங்குவிதியும், அரசு விரும்பியவரை விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்தன. அவ்வாறு வைக்கப்பட்டவருக்கு ‘அரசுக் கைதி’ என்று பெயர். குற்றவாளி என்று அவரைச் சொல்ல முடியாது. ஏனெனில் எந்த நீதிமன்றமும் அவரை அவ்வாறு தீர்மானிக்கவில்லை. ஆனாலும் அவர் சிறையில் இருந்தார்.

முதல் உலகப் போர்க்காலத்தில், 1915இல், இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. போருக்கான தற்காலிக ஏற்பாடு என்றே அது சொல்லப்பட்டது. மௌலானா முஹம்மது அலீ, மௌலானா ஷௌகத் அலீ சகோதரர்கள் சிந்த்வாராவில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது அக்காலத்தில்தான். போர் முடிந்ததும் அவ்வதிகாரம் முடியவில்லை. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டமாக அது மறுபிறவி எடுத்தது. அதைக் கண்டித்து முஹம்மது அலீ ஜின்னா மத்திய சட்டசபைப் பதவியைத் துறந்தார். அச்சட்டம் நிறைவேறிய செய்தி கிடைத்தபோது காந்தியடிகள் சென்னையில் தங்கியிருந்தார். நாடு முழுவதும் கடையடைத்து நோன்பிருக்கும் ஹர்த்தால் என்னும் எண்ணம் இந்நகரில்தான் அவர் உள்ளத்தில் உதித்தது. ஆக, நம் விடுதலைப் போராட்டத்தின் பெரும் எழுச்சி ஒன்று, விசாரணையற்ற சிறைக்கு எதிராகவே எழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

சுதந்திர நாட்டில் தொடர்ந்தது

விந்தை என்னவெனில், அப்போராட்டத்தில் சிறை சென்றவர்களே அரசமைத்தபோதும் அவ்வதிகாரத்தைக் கைவிடவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்றும், அவருக்கு வழக்கறிஞரை நாடும் உரிமை உண்டு என்றும் கூறுகின்றது. அதே பிரிவு, தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்கு இவ்வுரிமைகள் பொருந்தா என்றும் கூறுகின்றது! உரிமையும் அதற்கு விலக்கும் ஒரே பிரிவில் குடியேறின.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த மறுமாதமே, 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட அச்சட்டம், திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 1969 இறுதிவரை வாழ்ந்தது. அதன் கீழ்ச் சென்னை மாகாணச் சிறையில் வைக்கப்பட்ட பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1950 மே 19இல் வந்த தீர்ப்பில், காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திற்கும் தெரிவிக்கலாகாது என்ற விதி மட்டும் நீக்கப்பட்டது. சட்டம் நிலைத்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய இருவருள் ஒருவர் நீதிபதி செய்யித் ஃபஸ்ல் அலீ. அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கலாகாது என்ற அவருடைய நோக்கு, 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 1978இல் மேனகா காந்தி வழக்கில் முழுமையாக ஏற்கப்பட்டது.

1971இல் மிசா வந்தது. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அச்சட்டத்தின் முழு உருவம் வெளிப்பட்டது. ஜமாஅத்தே இஸ்லாமியும் ஆர்.எஸ்.எஸ். இயக்கமும் ஒருசேரத் தடை செய்யப்பட்டன. கொள்கையில் இரு துருவங்களாக நின்றோர் சிறையில் அண்டை அறைவாசிகளாயினர். ஆட்கொணர்வு மனுவையும் கேட்க இயலாது என்று 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்தெழுதினார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது.

தமிழகத்தில் 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. மிசாவில் கைதானோர் சென்னை மத்தியச் சிறையில் கடுமையாகத் தாக்கப்பட்டனர். அத்தாக்குதல்களைப் பின்னர் விசாரித்து, அவை நிகழ்ந்தன என்று பதிவு செய்த ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் நாகூர் தந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்கள். கம்பனில் தோய்ந்த அறிஞராகவே அவரை நம் சமுதாயம் பெரிதும் நினைவுகூர்கின்றது. சிறைக்குள் நடந்ததைச் சிறைக்கு வெளியே கொணர்ந்த நீதியரசராகவும் அவர் நினைக்கப்பட வேண்டும்.

பூந்தமல்லிக்கு வந்தது

1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவருடன் பலரும் கொல்லப்பட்டனர். கண்டனத்திற்குரிய கொடுஞ்செயல் அது. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. அவ்வழக்கு, அதே நெடுஞ்சாலையில் சற்றுக் கிழக்கேயுள்ள பூந்தமல்லியில், தடா சட்டத்தின் கீழ், மூடிய கதவுகளுக்குள் விசாரிக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவில்லை. காவலின் நான்கு சுவர்களுக்குள் என்ன நடக்கும் என்பதை ஆங்கிலேயனும் அறிந்திருந்தான். சுதந்திர இந்தியாவின் தடாவோ, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்தால் அதை ஏற்கலாம் என்றது.

1998 ஜனவரி 28இல் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம், இவ்வழக்கில் தடா குற்றங்கள் நிறுவப்படவில்லை என்றது. நால்வருக்குத் தூக்கும் மூவருக்கு ஆயுளும் நிலைக்க, 19 பேர் விடுதலையாயினர். தடா பொருந்தாது என்ற பின்னும், தடாவின் வழியே பெற்ற வாக்குமூலங்கள் சான்றாகவே நின்றன. 19 வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வு பெற்ற பின் 2013இல், அவர் கூறியதன் முக்கியமான ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படுத்தினார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18இல். எழுதப்படாத ஒரு வாக்கியத்தின் எடை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

தடா 1995இல் காலாவதியானது. அதன் கீழ் நாடெங்கும் கைதானோர் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர். குற்றம் நிறுவப்பட்டோர் நூற்றுக்கு மிகச் சிலரே. 2002இல் பொடா வந்தது. அதை ஆதரித்த கூட்டணியில் இருந்த ம.தி.மு.க.வின் தலைவர் வைகோ, திருமங்கலத்தில் ஆற்றிய உரைக்காக அதே ஆண்டு ஜூலை 11இல் அச்சட்டத்தின் கீழ்க் கைதானார். பத்தொன்பது மாதங்கள் அவர் சிறையிருந்தார். பழ. நெடுமாறனும், நக்கீரன் கோபாலும் அதே சட்டத்திற்கு ஆளாயினர். 2004இல் பொடா நீக்கப்பட்டது. ஆனால் அதன் பல விதிகள் அதே ஆண்டு சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திற்குள் குடிபுகுந்தன. 2008இல் பிணை கிடைப்பது அரிதாக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை இன்றி 180 நாள்வரை காவலில் வைக்கவும் வழி திறந்தது. 2019இல் இயக்கங்களை மட்டுமன்றித் தனிமனிதரையும் விசாரணைக்கு முன்பே பயங்கரவாதி என அரசு அறிவிக்கலாம் என்றாயிற்று. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவில், பயங்கரவாதக் குற்றம் பொதுத் தண்டனைச் சட்டத்திற்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது. போருக்காக வந்தது, பின்னர் நெருக்கடிக்காக வந்தது, இன்று அன்றாடச் சட்டமாகிவிட்டது.

நம் மாநிலத்தின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மக்கள் வழக்கில் அது குண்டர் சட்டம். கள்ளச்சாராயம் விற்போர் முதலியோருக்காக வந்த அது, 2004இல் திருட்டு வீடியோ விற்பவரையும், 2014இல் இணையக் குற்றம் புரிபவரையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. 2017இல் மெரினாவில் மெழுகுவத்தி ஏந்தி நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீதும் அது பாய்ந்தது. சில மாதங்களில் உயர் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. ஓராண்டுவரை காவலில் வைக்கும் இவ்வாணையை மாநகரப் பகுதிகளில் பிறப்பிப்பவர் காவல் ஆணையரே. 2022இல் ஆவடி ஆணையரகம் தோன்றியபின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அவ்வதிகாரம் ஆவடி ஆணையரிடம் உள்ளது. குற்றம் சாட்டும் துறையே காவலாணையும் பிறப்பிக்கின்றது. அறிவுரைக் கழகம் அதைப் பின்னர் ஆராயும். அங்கே வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமை கைதிக்கு இல்லை.

ஃபிக்ஹ் கூறும் நெறி

இனி நம் மரபை நோக்குவோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி இடம்பெறுகின்றது. இராக்கிலிருந்து வந்த ஒருவர், தம் நாட்டில் பொய்ச் சாட்சியம் தலையெடுத்துவிட்டதாக உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். நேர்மையான சாட்சிகள் இன்றி இஸ்லாத்தில் எவரும் சிறைப்பிடிக்கப்பட மாட்டார் என்பது அவர்களின் விடையாக இருந்தது. பொய்ச் சாட்சி பெருகிய காலத்தில், சான்றின் தரத்தை அவர்கள் தளர்த்தவில்லை, இறுக்கினார்கள். நம் காலத்துச் சட்டங்கள் நேர்மாறான திசையில் நடந்திருக்கின்றன.

அபூதாவூதில் வரும் மற்றொரு செய்தி: நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து, தம் அண்டை வீட்டார் எதற்காகப் பிடிக்கப்பட்டனர் என்று கேட்டார். நபியவர்கள் இருமுறை அவரிடமிருந்து முகம் திருப்பினார்கள். பின்னர் அவர்களை விட்டுவிடுமாறு பணித்தார்கள். பொறுப்பாளர் காரணம் கூற வாய்ப்பளிக்கவே நபியவர்கள் காத்திருந்தார்கள் என மௌலானா மௌதூதி இதற்கு விளக்கம் தருவார். கேட்டவர் உறவினர் என்றில்லை, அண்டைவீட்டார் என்ற உரிமையிலேயே கேட்டார் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஃபுகஹாக்கள் குற்றம் சாட்டப்பட்டவரைக் காவலில் வைப்பதை முற்றாக மறுத்தனர் என்று நாம் கூறவில்லை. ஐயத்தின் பேரில் ஒருவரை நபியவர்கள் சிறிது காலம் நிறுத்தி வைத்துப் பின் விடுவித்த செய்தியும் உண்டு. அது எவ்வளவு காலம் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரு மாதம் என்று ஷாஃபிஈ அறிஞர் ஸுபைரீ வரம்பிட்டதையும், ஆட்சியாளரின் முடிவுக்கே விட்டவர்களின் கூற்றையும் இமாம் மாவர்தீ (ரஹ்) அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் பதிந்துள்ளார். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய கிதாபுல் கராஜில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, ஒருவர் மீது மற்றவர் குற்றம் சாட்டிய அளவில் அவரைச் சிறையிடுவது ஆகாது என்றார்கள். கைதிகளின் நிலையை நாள்தோறும் கவனித்து, வழக்கு இல்லாதவரை விடுவிக்குமாறு அறிவுறுத்தினார்கள். உணவும் குளிர்கால, கோடைகால ஆடைகளும் அவர்களுக்கு அரசே தர வேண்டும் என்றும் எழுதினார்கள். ஆட்சியாளரின் முகத்திற்கு நேரே வைக்கப்பட்ட அறிவுரை இது.

முஸ்லிம் அரசர்கள் இந்நெறியில் நின்றார்கள் என்று வாதிடவும் முடியாது. ஹிஜ்ரி 150இல் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் சிறையிலேயே மறைந்தார்கள் என்பது பெருவாரியான செய்தி. குர்ஆன் குறித்த கொள்கைக்காக இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அப்பாசியர்களின் சாட்டையைத் தாங்கினார்கள். ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள் மப்ஸூத்தின் பெரும்பகுதியை உஸ்ஜந்துப் பாழ்கிணற்றுச் சிறையிலிருந்து மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவித்தார்கள். ஆட்சியாளர் செய்ததற்கும் ஷரீஅத் சொன்னதற்கும் இடையிலான இவ்வேறுபாட்டை நம் இமாம்கள் தம் உடலாலேயே எழுதிக் காட்டினர்.

நம் கடமை

1998 பிப்ரவரி 14இல் கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அக்கொடுமையைச் செய்தோர் தண்டனைக்குரியோரே. ஆனால் அவ்வழக்கில் 1998 மார்ச்சில் கைதான அப்துந் நாஸிர் மஅதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்து, 2007 ஆகஸ்ட் 1இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். அவ்வாண்டுகளைத் திருப்பித் தரும் சட்டம் எதுவும் இல்லை. இத்தகைய வழக்குகளின்போது மட்டுமே நம் சமுதாயம் இச்சட்டங்களைப் பற்றிப் பேசுகின்றது. கோபாலன் சிறையிருந்தபோதும், ஈழத் தமிழர் முகாமில் அடைபட்டபோதும், வடசென்னை இளைஞன் ஒருவன் குண்டர் சட்டத்தில் ஓராண்டு காணாமற் போகும்போதும் நாம் பெரும்பாலும் வாளாவிருந்தோம். பிறருக்கென்று செய்யப்பட்ட பூட்டே நம் வாசலுக்கும் பொருந்தியது.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகையும் நீதியிலிருந்து உங்களை விலக்கிவிடலாகாது என்பது அல்மாஇதா அத்தியாயத்தின் கட்டளை. சான்றின்றிச் சிறையில்லை என்ற நெறியை நமக்காக மட்டும் கோரினால் அது ஒரு கட்சியின் கோரிக்கை. எல்லோருக்காகவும் கோரினால்தான் அது தீன். விசாரணை அளவின்றி நீளுமானால், கடுஞ்சட்ட வழக்கிலும் பிணை வழங்கலாம் என 2021 பிப்ரவரி 1இல் கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது சிறு வெளிச்சம். அதைப் பயன்படுத்தச் சட்டம் கற்ற இளைஞர்கள் தேவை. நம் அரபுக் கல்லூரிகளில் கிதாபுல் கழாவும் கிதாபுஷ் ஷஹாதாத்தும் பாடமாக நடக்கின்றன. அப்பாடங்களை ஓதும் மாணவர், இந்நாட்டு அரசியலமைப்பின் 21ஆம், 22ஆம் பிரிவுகளையும் உடன் ஓதட்டும். தம் அண்டைவீட்டார் ஏன் பிடிக்கப்பட்டனர் என்று மஸ்ஜிதில் எழுந்து கேட்ட அந்த மனிதரின் வாரிசுகள் அவர்கள்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.