கப்பமும் கிதாபும்

அறபுத் தமிழ்க் கிதாபுகள் சிலவற்றைப் படமெடுத்து என்ட கணினியில் சேர்த்து வருகிறேன். அண்மையில் மருமகன் கேட்டார்: "மாமா, இதுக்கு வேற கொப்பி இருக்கா?" பக்கத்தில் எப்போதும் செருகியபடியே கிடக்கும் டிஸ்க்கைக் காட்டினேன். "கப்பம் கேக்கிறவன் உள்ள வந்தா ரெண்டையும் சேர்த்துத்தான் பூட்டுவான்" என்றார்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குக் காசு கேட்கும் நிரல்தான் ரான்சம்வேர். கப்பம் என்றால் என்னவென்று நம் நாட்டவருக்கு விளக்கத் தேவையில்லை.

அதன் சரித்திரத்தைத் தேடினால், அது தபாலில் தொடங்குகிறது. 1989 டிசம்பரில் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று எழுதிய ஏறத்தாழ 20,000 ஃபுளொப்பி டிஸ்க்குகள் லண்டனிலிருந்து பல நாடுகளுக்கும் போயின. அதைப் போட்ட கணினியை 90 தடவையளவில் இயக்கியதும் கோப்புகளின் பெயர்கள் உருமாறின. பனாமாவிலுள்ள தபால்பெட்டிக்கு 189 டொலர் அனுப்பும்படி திரையில் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஜோசப் பொப், ஹார்வர்டில் படித்த உயிரியலாளர். விசாரணைக்கு நிற்கும் மனநிலையில் அவர் இல்லையென்று வழக்கு நின்றுபோனது. கோப்புகளுக்குள் இருந்த எழுத்தை அந்த நிரல் தொடவேயில்லை. மீட்கும் நிரலும் கெதியாக வந்தது. பயத்தில் எல்லாவற்றையும் அழித்தவர்களுக்குத்தான் நட்டம்.

இன்றைக்கு எழுத்தையே பூட்டுகிறார்கள். காசு கொடுத்தாலும் திறப்பு வருமென்று நிச்சயமில்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை பிரித்தானிய வைத்தியசாலைகளை முடக்கியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. போடாமல் விட்டவர்கள் அகப்பட்டார்கள்.

நம் நாட்டில் நடந்தது 2023இல். அரசாங்க மேகக் கணினி தாக்கப்பட்டு, அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகளின், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. பிரதி இருந்தது, இணைப்பிலேயே இருந்ததால் அதுவும் பூட்டுப்பட்டது. என்ட டிஸ்க்கும் அப்படித்தானே!

மூத்தாப்பா ஒரு கிதாபைக் கையால் பிரதியெடுத்து அடுத்த ஊரில் சாச்சி வீட்டில் கொடுத்து வைத்தாராம். எங்கட வீட்டிலிருந்ததைக் கறையான் தின்றுவிட்டது. நான் படமெடுத்தது சாச்சி வீட்டுப் பிரதியை.

இப்போது இன்னொரு டிஸ்க் மகள் வீட்டில் இருக்கிறது. ஜும்ஆ முடிந்து கொண்டுவருவார். கொப்பி பண்ணி, இரண்டொரு பக்கம் திறந்து பார்த்து, கழற்றிக் கொடுத்துவிடுவேன். கணினி திருத்தம் கேட்டால் "பிறகு" என்று தள்ளுவதில்லை. தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் தொடுவதுமில்லை. போன வெள்ளி மழை, மகள் வரவில்லை. அந்தக் கிழமை எடுத்த நாற்பது பக்கங்களும் இன்னும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன.